மலை இறங்கிப் போடும் கம்பி: இளம் வயதில் பல் சீரமைப்பும் ஜவ்வாது மலையும்

பல்லுக்குக் கம்பி போடுவது பள்ளிப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நகரத்தில் அது பெருமளவு சரி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பல் எடுப்பாக இருந்தால் பெற்றோர் கவலைப்படுகிறார்கள், பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குள் வேலை முடிந்துவிடுகிறது. மலையிலும் மலையடிவாரத்திலும் கணக்கு வேறு. அங்கே பிள்ளை வளர்ந்து, கல்லூரிக்கோ வேலைக்கோ போய், கையில் நாலு காசு பார்த்த பிறகுதான் கம்பியைப் பற்றிய பேச்சே வருகிறது. முடிவையும் அந்தப் பிள்ளையே எடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது வயது இருபதைத் தொட்டிருக்கும்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலையை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் மலையாளிகளுக்கு. கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். சாமையும் புளியும் தேனும் பலாவும் இந்த மலையின் விளைச்சல். ஜமுனாமரத்தூர்தான் மலையின் தலைமையிடம். ஆரம்ப சுகாதார நிலைய அளவில் பல் பிடுங்கலாம், சுத்தம் செய்யலாம், சொத்தையை அடைக்கலாம். கம்பிக்கு மலை இறங்கித்தான் ஆக வேண்டும். கம்பியைப் போட்டுக்கொள்வது ஒரு நாள் வேலை. போட்ட கம்பியை ஏறக்குறைய இரண்டு ஆண்டு காப்பாற்றிக் கரை சேர்ப்பதில்தான் பாடு இருக்கிறது. இளம் வயதினருக்கும் மலைவாசிகளுக்கும் இந்தச் சிகிச்சை எங்கே சறுக்குகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டுக்குள்தான்.

வயது தடையா?

பதினெட்டைத் தாண்டிவிட்டால் பல் நகராது என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. பல் எலும்புக்குள் ஆணி போல அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் உண்டு. கம்பி மெதுவாக அழுத்தும்போது, அழுந்தும் பக்கத்து எலும்பைச் சில செல்கள் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்கிறது. இந்த ஏற்பாடு நாற்பது வயதிலும் வேலை செய்யும். வேகமாக முடிக்கிறேன் என்று அழுத்தத்தைக் கூட்டினால் வேர் கரையும். அவசரத்துக்கு இங்கே இடமில்லை.

மாறுவது தாடை. பெண்களுக்குப் பதினைந்து பதினாறிலும் ஆண்களுக்குப் பதினெட்டை ஒட்டியும் தாடை வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வயதில் வளர்ச்சியையே திருப்பிவிட்டுச் சரி செய்யக்கூடிய கோளாறை இருபதில் பல்லை மட்டும் நகர்த்தி ஈடுகட்ட வேண்டியிருக்கும். தாடையே மிகவும் முன்னே தள்ளியோ உள்ளே போயோ இருந்தால் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம். இடம் பண்ணுவதற்காக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுக்கச் சொல்வதும் உண்டு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் அந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்கும். கண்ணுக்குப் போகும் பார்வை நரம்பும் பல்லுக்கு வரும் நரம்பும் வேறு வேறு. பல் எடுப்பதால் பார்வை போவதில்லை.

இன்னொரு பயம் இளைஞர்களுக்கு உண்டு. வேலூர்ப் பக்கம் பட்டாள வேலைக்குப் போவது பெரிய மரபு. பல் எடுத்தால் ராணுவத்தில் தள்ளிவிடுவார்களா? ராணுவத் தேர்வில் பல்லுக்குப் புள்ளிக் கணக்கு இருக்கிறது. மேலும் கீழும் ஒன்றையொன்று சந்திக்கும் நல்ல பற்களுக்குப் புள்ளி: முன்பல், சிங்கப்பல், முன்கடைவாய்ப் பல் ஒவ்வொரு ஜோடிக்கும் 1, கடைவாய்ப் பல் ஜோடிக்கு 2. ஞானப்பல் முழுதாய் முளைத்தவருக்கு மொத்தம் 22. தேற வேண்டியது 14. நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்தால் குறைவது 2 புள்ளி. சொத்தை விழுந்து நான்கு ஜோடிக் கடைவாய்ப் பற்கள் போனால் குறைவது 8. தேர்வுக்குப் போகிறவர் பயப்பட வேண்டியது சொத்தைக்கு.

உலோகப் பட்டையிலிருந்து நிக்கல்–டைட்டானியம் வரை

பல் வரிசையைத் திருத்தும் முயற்சி பழையது. 1728இல் பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார், லாட வடிவ உலோகப் பட்டையில் பற்களைக் கட்டி இழுக்கும் முறையை எழுதி வைத்தார். கோளாறுகளை வகைப்படுத்தி இதை ஒரு தனித்துறை ஆக்கியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1899இல் அவர் தந்த மூன்று வகைப் பாகுபாட்டையே இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். நெடுங்காலம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டினார்கள். எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பசை பிடிக்கும் என்று 1955இல் மைக்கேல் பூனகோர் காட்டினார். அதிலிருந்து வளர்ந்த முறையில்தான் இன்று சின்னச் சின்ன பிராக்கெட்டுகளைப் பல்லின் முகத்தில் ஒட்டுகிறார்கள். வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் நிக்கல்–டைட்டானியம் வயர் 1970களில் வாய்க்குள் வந்தது. மெதுவாக, நீண்ட நாள் இழுத்துக்கொண்டே இருக்கும் இந்த வயரால் ஒவ்வொரு மாதமும் முறுக்கிக் கொடுக்க வேண்டிய தேவை குறைந்தது.

சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் 1953. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக. பல் சீரமைப்பு மருத்துவர்களுக்கான இந்தியச் சங்கம் 1965இல் உருவானது. பி.டி.எஸ். முடித்த பிறகு மூன்று ஆண்டு எம்.டி.எஸ். படித்தவரே இந்தத் துறையின் நிபுணர்.

வரிசை ஏன் குலைகிறது?

பரம்பரை ஒரு காரணம். கை சூப்புவதும் வாயால் மூச்சு விடுவதும் வேறு இரண்டு. அதிகம் பேசப்படாத காரணம் பால்பல். விழப்போகும் பல்தானே என்று சொத்தையான பால் கடைவாய்ப் பல்லைக் காலத்துக்கு முன்பே பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். பின்னால் முளைக்க வேண்டிய பல் இடமில்லாமல் வெளியே துருத்தும். ஆறு வயதில் தவறிய ஓர் அடைப்பு, இருபது வயதில் கம்பிச் செலவாய் வந்து நிற்கும்.

ஐந்தாவது காரணம் விவாதத்துக்கு உரியது. அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் கொருச்சினி 1980களில் வட இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து சண்டிகர் பகுதியில் கிராமத்து இளைஞர்களையும் நகரத்து இளைஞர்களையும் ஒப்பிட்டார். மென்மையான உணவுக்கு மாறிய நகரத்தாரிடம் வரிசைக் கோளாறு மிகுதி என்பது அவர் கண்டது. மென்று தின்னும் உழைப்பு குறைந்தால் தாடை முழு அளவு வளர்வதில்லை, பல்லுக்கு இடம் போதுவதில்லை என்பது அவர் வாதம். பரம்பரைக்கே முதலிடம் தருவோர் இதை முழுதாக ஏற்பதில்லை. ஆனால் சாமைச் சோறும் அவரையும் தின்று வளர்ந்த தலைமுறைக்குப் பின், ரேஷன் அரிசியும் பாக்கெட் பிஸ்கட்டும் வந்த மலையில் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்ப்பது பயனுள்ள ஆய்வாக இருக்கும்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

எல்லாத் தெத்துப்பல்லுக்கும் கம்பி வேண்டியதில்லை. ஒற்றைத் தெத்துப்பல்லை அழகென்று சொல்லும் ஊர் நம்முடையது. கடிக்கும்போது கீழ்ப்பல் மேல் அண்ணத்தைக் குத்துகிறதா, முன்பல் உதட்டுக்கு வெளியே நீட்டி விழுந்தால் உடையும் நிலையில் இருக்கிறதா, பல் மேல் பல் ஏறி பிரஷ் நுழையாமல் ஈறு வீங்குகிறதா, மெல்ல முடியவில்லையா: இவற்றுக்குச் சிகிச்சை அவசியம். பிரிட்டனில் 1989இல் உருவான ஓர் அளவுகோல் இந்தத் தேவையை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறது. அங்கே பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரில் மேல்தரத் தேவை உள்ளவர்களுக்கே அரசுச் செலவில் கம்பி.

இளம் வயதினரைக் கம்பிக்குத் தள்ளுவது பெரும்பாலும் வேறு விஷயம். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய், "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, பல்லுதான் கொஞ்சம் எடுப்பா…" என்று இழுப்பார்கள். வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர் வாயைக் கையால் மறைத்துப் பேசுவார். இந்த வலியைச் சின்னதென்று தள்ள முடியாது. ஆனால் கம்பி அதை எவ்வளவு தீர்க்கும்? வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 1981இல் 11, 12 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பதிவு செய்து, இருபது ஆண்டு கழித்து அவர்களில் ஒரு பகுதியினரைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார்கள். கம்பி போட்டவர்களின் பல் வரிசை மேம்பட்டிருந்தது. தங்கள் பல்லைப் பற்றிய மனநிறைவும் கூடியிருந்தது. தன்மதிப்பிலும் மனநலத்திலும் போடாதவர்களைவிடப் பெரிய உயர்வு தெரியவில்லை. பல்லைச் சரி செய்தால் பல் சரியாகும் என்பதே அதன் சாரம். கல்யாணம் கூடிவர வேண்டும் என்பதற்காக மட்டும் கடன் வாங்கிக் கம்பி போட நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கம்பிக்கு முன்னால்

சொத்தை, ஈறு நோய், காரை மூன்றையும் முடித்துவிட்டுத்தான் பிராக்கெட் ஒட்ட வேண்டும். புகையிலை, பாக்கு பழக்கம் இருந்தால் ஈறு முதலில் பலவீனப்பட்டிருக்கும். அந்த ஈறோடு பல்லை நகர்த்துவது ஆபத்து.

இந்த வட்டாரத்துக்கு உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஜவ்வாது மலைக்கு மேற்கே கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரைச் சிறுவயதில் குடித்தவர் பல்லில் பழுப்புக் கறை நிலைத்துவிடும். அந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. பசை சரியாகப் பிடிக்காமல் பிராக்கெட் அடிக்கடி கழன்று விழும். பல்லில் கறை உள்ளவர் குடித்து வளர்ந்த தண்ணீரைப் பற்றி முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட்டால், அதற்கேற்ற முறையில் ஒட்டுவார்.

வாய்க்குள் இரண்டு ஆண்டு

ஒட்டிய அன்று வலி இருக்காது. சில மணி நேரத்தில் தொடங்கி மறுநாள் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்தில் அடங்கும். அந்த நாட்களில் சோற்றைக்கூட முன்பல்லால் கடிக்க முடியாது. மலை வீட்டு உணவு அப்போது கை கொடுக்கும். களியும் குழைந்த சாமைச் சோறும் ரசமும் நல்லது. கன்னத்தின் உட்புறம் உராய்ந்து புண்ணானால் உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, மருத்துவமனையில் தரும் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டிப் பிராக்கெட்டின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு வருவதுதான் நெடுங்காலக் கட்டுப்பாடு. முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, சுட்ட சோளக்கதிர், எலும்பு எல்லாவற்றையும் தள்ளி வைக்க வேண்டும். கொய்யாவைத் துண்டு போட்டுத்தான் தின்ன வேண்டும். சீத்தாப்பழம் மெத்தென்றுதான் இருக்கும். ஒரு கொட்டையை அறியாமல் கடித்தால் பிராக்கெட் தெறித்துவிடும். பலாச்சுளையின் நார் வயருக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கிக்கொண்டு ராத்திரி வரை உறுத்தும். தேனும் புளி உருண்டையும் பிராக்கெட்டைச் சுற்றி ஒட்டிக் கிடந்தால் எனாமலில் வெள்ளைத் தழும்பு விழும். கம்பியைக் கழற்றும் நாளில்தான் அது முழுதாய்க் கண்ணில் படும். அந்தத் தழும்பு முழுக்க மறைவதில்லை.

வேப்பங்குச்சி வயருக்கு அடியில் நுழையாது. ஃபுளோரைடு பேஸ்ட்டும் சாதாரண பிரஷும் வேண்டும். இடுக்கில் விட்டு எடுக்கப் பாட்டில் கழுவும் பிரஷ் போலவே குட்டியாக ஒன்று மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வாயைக் கழுவ வேண்டும். விடுதியில் இருக்கும் மாணவருக்கும், திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கும், கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்குப் பருவ வேலைக்குப் போகும் இளைஞருக்கும் இது சொல்வது போல் எளிதில்லை.

தூரமும் துட்டும்

வழக்கமான சிகிச்சைக்கு 18 முதல் 24 மாதம் ஆகும். நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை போய் டைட் பண்ணிக்கொள்ள வேண்டும். மலையடிவார ஊர்களில் பல இடங்களில் நிபுணர் தினமும் இருப்பதில்லை. மாதத்தில் குறித்த ஒரு நாளோ இரண்டு நாளோ வந்து போவார். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான். வேலூருக்குப் போவதென்றால் ஜமுனாமரத்தூரில் காலையில் பஸ் ஏறி, மலைச்சாலை வளைவுகளில் இறங்கிப் போளூர் வந்து, அங்கிருந்து வண்டி மாறி, மருத்துவமனையில் கால் மணி நேர வேலையை முடித்துக்கொண்டு திரும்புவதற்குள் பகல் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025–26இல் தமிழகத்தில் நூறு நாள் வேலையின் நாள் கூலி 336 ரூபாய். மாதம் ஒன்றாக 24 நாள் போனால் இழக்கும் கூலி மட்டும் 8,064 ரூபாய். பஸ் செலவும் சாப்பாடும் தனி. தனியார் மருத்துவமனைகளில் உலோகக் கம்பிக்கு 30,000 முதல் 60,000 வரை கேட்பது சாதாரணம். முன்பணம் போக மிச்சத்தை மாதத் தவணையாகக் கட்டலாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் தகுதியுள்ள கல்லூரி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தவணை பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டது. அழகுக்கான பல் சீரமைப்பு அதற்கு வெளியேதான்.

கழற்றி மாட்டும் அலைனர் முறையில் மருத்துவமனைக்குப் போகும் தடவை குறையும். ஒரு நாளில் 22 மணி நேரம் மாட்டி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். மலைவாசிக்கு ஏற்ற முறைதான், ஆனால் விலை லட்சத்தைத் தாண்டும். தூரத்தில் இருப்பவருக்கு வசதியானது அவர் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. மருத்துவரை நேரில் பார்க்காமலே தபாலில் அலைனர் அனுப்பும் வணிகமும் வந்தது. அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் நடத்திய ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

பாதியில் நிற்பதன் விலையை 2020 ஊரடங்கு நமக்கும் காட்டியது. டாக்டரைப் பார்க்க முடியாத மாதங்களில் வயர் குத்திப் புண்ணானவர்களும், பிராக்கெட் கழன்று பல் திசை மாறியவர்களும் ஏராளம். மலையில் இருப்பவருக்கு வேலை இடம் மாறினாலே அந்த ஊரடங்கு வந்துவிடும். கவனிப்பில்லாமல் கிடக்கும் கம்பி, கம்பியே இல்லாததைவிடக் கெடுதல். கழற்றிய பிறகும் வேலை முடிவதில்லை. பல்லை நகர்ந்த இடத்திலேயே நிறுத்தும் ரிடெய்னரை மாட்டாவிட்டால் பல் பழைய இடத்தை நோக்கித் திரும்பும். முதலில் பகலும் இரவும், பிறகு நெடுங்காலம் இரவில் மட்டும் அது வாயில் இருந்தாக வேண்டும். தொலைந்தால் புதிது செய்ய மறுபடி மலை இறங்க வேண்டும்.

எங்கே போடுவது?

விலையைவிட முக்கியமான கேள்வி சுத்தம். ஜவ்வாது மலையின் அடிவாரத்து வாணியம்பாடியில், ஒரு பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்களில் 8 பேர் 2023இல் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றால் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி., தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொது சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் சேர்ந்து துப்புத் துலக்கி 2025இல் வெளியிட்டார்கள். சலைன் பாட்டிலை அறுவைக் கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியதே வழியாக இருந்தது. கம்பி போடுமுன் பல் எடுக்க வேண்டியவர்கள், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போடுகிறார்களா, எனக்குப் புதிய சலைன் திறப்பீர்களா என்று கேட்பதில் கூச்சப்படக் கூடாது. டாக்டரின் எம்.டி.எஸ். தகுதியையும் பதிவு எண்ணையும் கேட்கலாம். பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு, மேற்பார்வையும் உண்டு. ஆனால் அரசுக் கல்லூரிகள் இருப்பது சென்னையிலும் சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும்தான். மலையிலிருந்து மூன்றுமே தூரம்.

செய்ய வேண்டியவை

அரசு புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பல் கோளாறும் இருக்கிறது. மலைப் பள்ளிகளில் பன்னிரண்டு வயதில் பல் வரிசையைத் தரம் பிரித்துக் குறித்தாலே, உண்மையில் தேவை உள்ளவர் யார் என்று தெரிந்துவிடும். அவர்களுக்காக ஜமுனாமரத்தூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் நிபுணர் முகாம் போதும். இன்றைய வயர்களுக்கு எட்டு வார இடைவெளி பல கட்டங்களில் தாங்கும். பிராக்கெட் கழன்றால் ஒட்டவும் குத்தும் வயர் நுனியை வெட்டவும் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பல் மருத்துவருக்கு அதிகாரமும் கருவியும் கொடுத்தால் மலை இறங்கும் தடவை பாதியாகும்.

கம்பி போட நினைக்கும் இளைஞருக்குச் சொல்ல இருப்பது இது. அடுத்த இரண்டு ஆண்டு எந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சொத்தையை அடைத்து, ஈறைச் சரி செய்யுங்கள். மொத்தச் செலவையும், கழன்ற பிராக்கெட்டுக்கும் ரிடெய்னருக்கும் தனிக் காசா என்பதையும் எழுதி வாங்குங்கள். ஊர் மாறினால் சிகிச்சைக் குறிப்புகளைத் தருவார்களா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு முன்பணம் கட்டுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஓராண்டு பொறுங்கள். பல் இருபத்தெட்டிலும் நகரும்.